ஆறேகாலும் பூட்ஸ் கரண்டியும்

அந்த ஹோட்டலில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாருமில்லை. உயரம் ஆறேகால் அடி. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சமையலறையில் யாரோ "ஆறேகால் வந்தாச்சா?" என்று கேட்டுவைக்க, இருபத்தேழு வருஷமாக அதுவே ஒட்டிக்கொண்டது. வீட்டில் மனைவிக்கும் அந்தப் பெயர் தெரியும். கோபம் வந்தால் அதைப் பிரித்துச் சொல்வாள்: "ஆறே காலாம்! இருக்கிற ரெண்டு காலுக்கே பூட்ஸ் மாட்டிவிட ஒரு ஆள் வேண்டியிருக்கு." முதல் தடவை அவள் அப்படிச் சொன்னபோது அவரும் சேர்ந்து சிரித்தார். நான்காவது தடவை சொன்னபோது தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

அவருக்கு வேலை ஹோட்டலின் முன்வாசலில். கார் வந்து நின்றால் கார்க் கதவைத் திறக்க வேண்டும். பிறகு நாலே எட்டில் படியேறி, பித்தளைப் பிடி போட்ட பெரிய மரக்கதவைத் திறக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே லேசாகக் குனிந்து வணக்கம் சொல்ல வேண்டும். முழங்காலுக்குக் கீழே தொங்கும் கருநீலக் கோட்டு, இரண்டு வரிசைப் பித்தான், தொப்பி, வெள்ளைக் கையுறை. அதோடு முழங்கால் வரை வரும் கறுப்புத் தோல் பூட்ஸ். அந்த பூட்ஸில் ஜிப் கிடையாது, நாடா கிடையாது, கொக்கி கிடையாது. மேலே பிடித்து இழுக்கப் பக்கத்துக்கொரு சின்ன வார் உண்டு, அவ்வளவுதான். காலை உள்ளே விட்டு, வாரைப் பிடித்து, மூச்சைப் பிடித்து இழுக்க வேண்டும். குதிகால் 'டொப்' என்று உள்ளே இறங்கும்வரை பூட்ஸும் மனிதரும் மல்லுக்கு நிற்க வேண்டியதுதான்.

முன்பெல்லாம் இந்த மல்லுக்கட்டு ஹோட்டலிலேயே நடந்தது. ஊழியர்கள் உடை மாற்ற ஒரு அறை இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் அதைப் படுக்கை விரிப்பு அடுக்கும் அறையாக்கிவிட்டு, எல்லாரும் வீட்டிலிருந்தே உடுப்போடு வந்துவிடுங்கள் என்றார்கள். அன்று முதல் பூட்ஸ் அவர் வீட்டு வாசலறையில், செருப்பு அடுக்கும் தட்டுக்குப் பக்கத்தில் குடியேறியது. அதற்குப் பளபளப்பு ஏற்றுவது அவருக்கு ஒரு சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேய்ப்பார்.

இடுப்பு போனது ஒரு மத்தியான நேரத்தில். பெட்டி தூக்குகிறவர் சாப்பிடப் போயிருந்தார். ஒரு விருந்தாளி கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். சரி, நாமே தூக்கிவிடலாம் என்று ஆறேகால் காரின் டிக்கியிலிருந்து அந்தப் பெட்டியை இழுத்தார். உள்ளே செங்கல்லை அடுக்கியிருப்பார்களோ என்னவோ, இடுப்பில் 'மளுக்' என்று ஒரு சத்தம். அது அவருக்கு மட்டும்தான் கேட்டது. முகத்தில் இருந்த புன்னகையை அப்படியே வைத்துக்கொண்டு பெட்டியை லிஃப்ட் வரை கொண்டுபோய் வைத்து, வணக்கம் சொல்லிவிட்டு, லிஃப்ட் கதவு மூடிய பிறகுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இனிமே குனியற வேலையே கூடாது. கீழ ஏதாவது விழுந்தாக்கூட வேற யாரையாவது எடுக்கச் சொல்லுங்க."

"என் வேலையே குனியறதுதான் டாக்டர்."

"அப்ப வேலைய மாத்திக்குங்க."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்! ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. முன்வாசலில் தானே திறக்கும் கண்ணாடிக் கதவு போடலாமா என்று மேலே ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. இந்த நேரத்தில் இடுப்பு போச்சு என்று போய் நின்றால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். விஷக்காய்ச்சல் என்று சொல்லி மூன்று வாரம் படுத்திருந்தார். பிறகு வலியைப் பல்லுக்கு நடுவே கடித்துக்கொண்டு வாசலுக்குத் திரும்பிவிட்டார். நிற்க முடிந்தது. நடக்க முடிந்தது. வணக்கத்தைக்கூட இடுப்பை விட்டுவிட்டுக் கழுத்தால் சமாளித்தார். பூட்ஸ் மட்டும் போட முடியவில்லை.

மனைவிக்கு ரொட்டித் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் வேலை. தொழிற்சாலை வண்டி காலை நாலே முக்காலுக்குத் தெருமுனைக்கு வந்துவிடும். அதனால் நாலரைக்கே அவரை எழுப்பி, நாற்காலியில் உட்காரவைத்து, பூட்ஸை மாட்டிவிட்டுத்தான் அவள் கிளம்புவாள். அவர் வேலைக்குப் புறப்பட வேண்டியதோ ஏழு மணிக்கு. இரண்டேகால் மணி நேரம் பனியனும் கால்சட்டையும் முழங்கால் வரை பூட்ஸுமாக அந்த நாற்காலியிலேயே விறைப்பாக உட்கார்ந்திருப்பார். நேற்றைய செய்தித்தாளை மறுபடி படிப்பார். பாதி நேரம் ஒரு கால் மரத்துப்போகும், மீதி நேரம் இன்னொரு கால். பாத்ரூமுக்குப் போனால் வழவழப்பான தரையில் பூட்ஸ் வழுக்கும். ஆறு மணிக்கு எழுந்து வரும் மகள் அவரைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு முகம் கழுவப் போய்விடுவாள்.

மகளால் உதவ முடியாது. அவளுக்கு ஏழாவது மாதம். அவளாலும் குனிய முடியாது. அப்பாவும் மகளும் தரையில் கிடக்கும் ஒரு பேனாவை இரண்டு பக்கமும் நின்று பார்த்துக்கொண்டிருந்த நாள்கூட உண்டு.

வீட்டில் நல்ல இடுப்போடு இன்னொரு ஆள் இருந்தார். மாப்பிள்ளை. ஆனால் அவரிடம் கேட்பதைவிட வெறுங்காலோடு வேலைக்குப் போவது மேல் என்று ஆறேகால் நினைத்தார்.

மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில் நர்ஸ். மகள் தானாகப் பார்த்துக்கொண்ட சம்பந்தம். முதல் முதலாக வீட்டுக்கு வந்த அன்று ஆறேகால், "ஆம்பளைக்கு இந்த ஊர்ல வேற வேலையே கிடைக்கலையா?" என்று மனைவியிடம் கேட்டுவிட்டார். உள்ளறையில்தான் கேட்டார். ஆனால் ஆறேகால் அடி மனிதருக்குக் குரலும் அந்த அளவுக்கு இருக்கும். கூடத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை காதில் அது நன்றாகவே விழுந்தது. அன்றிலிருந்து இரண்டு வருஷமாக இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. நாலு மாதத்துக்கு முன், மகள் மாடிப்படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னதால், லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி வீட்டைக் காலி செய்துவிட்டு இருவரும் இங்கே வந்தார்கள். ஒரே கூரைக்குக் கீழே வந்தும் பேச்சு மட்டும் வரவில்லை. எல்லாம் மகள் வழியாகத்தான்.

"பாத்ரூம் காலியான்னு கேளு."

"அப்பா, அவர் இதோ உங்க பக்கத்துலதான் நிக்கறார்."

"அதான் கேளுன்னு சொல்றேன்."

இந்தப் பக்கம் காலை ஏற்பாடு இப்படி என்றால், சாயங்காலம் கழற்றுவது அதைவிடப் பெரிய கூத்து. எட்டு மணி நேரம் நின்ற கால் வீங்கி, பூட்ஸ் பசை போட்டு ஒட்டியதுபோல் பிடித்துக்கொள்ளும். மனைவி முதுகைக் காட்டி நின்று பூட்ஸை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொள்வாள். இன்னொரு காலால் அவர் அவளை முன்னால் உந்த வேண்டும். "முப்பது வருஷம் குடும்பம் நடத்தி, கடைசில உதையும் வாங்கறேன்" என்பாள். ஒருநாள் எதிர்பாராமல் பூட்ஸ் சட்டென்று கழன்று வந்தது. அவள் அதோடு போய்ச் செருப்புத் தட்டில் மோதி, மணிக்கட்டு பிசகிவிட்டது.

கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டிச் சொன்னாள்: "ஏங்க, இந்தக் கையாலதான் ஒரு நாளைக்கு ஆயிரம் பொட்டலம் கட்டறேன். இனிமே உங்க பூட்ஸைத் தொட மாட்டேன். நீங்களாச்சு, அதுவாச்சு."

அன்றிரவே அவர் கரண்டி வேட்டையில் இறங்கினார்.

முதலில், எப்போதோ செருப்புக் கடையில் ஷூவோடு கொடுத்த பிளாஸ்டிக் கரண்டியைத் தேடி எடுத்தார். கடைக்காரர்கள் ஷூ ஹார்ன் என்பார்கள். இவர் வீட்டில் அதற்குக் கரண்டி என்றே பெயர். விரல் நீளம்தான் இருந்தது. அதைப் பிடித்துக் குதிகாலுக்கு அடியில் செருகவே குனிந்தாக வேண்டும். குனிய முடிந்தால் கரண்டி எதற்கு? ஒட்டடைக் கழியின் நுனியில் அதைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். மறுநாள் காலை நின்றபடியே கழியை பூட்ஸுக்குள் இறக்கி, குதிகாலை அதன்மேல் வழுக்கவிட்டார். கால் இறங்கியது! கூடத்தில் நின்று தனக்குத்தானே ஒரு வணக்கம் போட்டுக்கொண்டார். இரண்டாம் நாளும் கால் இறங்கியது. ஆனால் கழியை வெளியே எடுத்தபோது நுனியில் கரண்டி இல்லை.

அது குதிகாலுக்கு அடியில் தங்கிவிட்டது. பூட்ஸைக் கழற்றலாம் என்றால் கழற்ற ஆளில்லை. கழற்றினாலும் திரும்பப் போட வழியில்லை. அப்படியே போனார். எட்டு மணி நேரம், நாற்பது ஐம்பது கார், அத்தனைக்கும் கதவு திறந்து, அத்தனை பேருக்கும் புன்னகை செய்து, ஒவ்வொரு எட்டுக்கும் குதிகாலில் பிளாஸ்டிக் விளிம்பு வெட்ட வெட்ட நின்றார். சாயங்காலம் வாசற்படியில் குதியை மாட்டி அரை மணி நேரம் இழுத்துக் கழற்றிப் பார்த்தால் கரண்டி இரண்டாக உடைந்திருந்தது, காலுறையில் ரத்தம்.

அடுத்தது சமையலறைச் சட்டுவம். அதன் கைப்பிடி நீளமாகத்தான் இருந்தது. அதை வைத்துப் பாதி வெற்றி கண்டிருந்தார். மனைவிக்கு வாரவிடுமுறை என்பதை மறந்து ஒருநாள் மாட்டத் தொடங்கியபோது, அவள் வந்து நின்றுவிட்டாள். பூட்ஸுக்குள்ளிருந்து தன் சட்டுவம் எட்டிப்பார்ப்பதைக் கண்டு அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"இதுலதான் நாளைக்கு உங்களுக்குத் தோசை புரட்டிப் போடப் போறேன். கழுவக்கூட மாட்டேன்."

மூன்றாவதாகக் கடையில் ஒரு நீளமான இரும்புக் கரண்டி வாங்கினார். பொட்டலத்தின் மேல் 'ஆயுளுக்கும் உழைக்கும்' என்று போட்டிருந்தது. யார் ஆயுளைச் சொன்னார்களோ, மூன்றாம் நாள் நடுவில் வளைந்து கேள்விக்குறி மாதிரி ஆகிவிட்டது. கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினார். கடைக்காரர் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஷூவுக்குங்க. பூட்ஸுக்குப் போட்டா எப்படித் தாங்கும்?" என்றார்.

"பூட்ஸுக்குன்னு ஒண்ணு குடுங்க."

"அந்த மாதிரி வர்றதில்லைங்களே."

கழற்றுவதற்கு ஹோட்டல் தச்சர் ஒரு யோசனை சொன்னார். ஒரு பலகை, அதன் ஒரு முனையில் கவட்டை மாதிரி வெட்டு, அந்த முனை தரையிலிருந்து கொஞ்சம் தூக்கலாக இருக்க அடியில் ஒரு கட்டை. ஒரு காலால் பலகையை மிதித்துக்கொண்டு, மறு காலின் குதியைக் கவட்டையில் மாட்டி இழுத்தால் பூட்ஸ் அங்கேயே நிற்கும், கால் மட்டும் வெளியே வரும். குனியவே வேண்டாம். தச்சர் ஒரே மணி நேரத்தில் அறுத்துச் செதுக்கிக் கொடுத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மனைவி, மகளைக் கூட்டிக்கொண்டு பரிசோதனைக்குப் போயிருந்தாள். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. இரவு வேலைக்குப் போகிற மாப்பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தார். ஆறேகால் பலகையைத் தரையில் போட்டார். வலது காலை மாட்டி இழுத்தார். பூட்ஸ் சமர்த்தாகக் கழன்று நின்றது. இத்தனை நாள் பட்ட பாடு எதற்கு என்று அவருக்கே வெட்கமாக இருந்தது. இப்போது பலகையை மிதிக்க வேண்டியது காலுறை போட்ட வலது கால். இடது குதியை மாட்டி ஓர் இழுப்பு இழுத்தார். காலுறை பலகையில் வழுக்கியது, பலகை தரையில் வழுக்கியது, ஆறேகால் அடியும் மொத்தமாகத் தரைக்கு வந்தது.

எங்கே வலிக்கிறது என்று தெரியாத அளவுக்கு எல்லா இடமும் வலித்தது. இடது பூட்ஸ் பாதி கழன்று, குதிகால் அதன் குழாயிலேயே சிக்கிக்கொண்டு, காலை மடக்கவும் விடாமல் நீட்டவும் விடாமல் பிடித்திருந்தது. குரல் கொடுத்தால் பத்தடியில் ஆள் இருக்கிறார். கொடுக்கவில்லை. மல்லாந்து கிடந்தபடி மின்விசிறி இறக்கையில் படிந்திருந்த தூசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றின் மேலும் ஆத்திரமாக வந்தது. அந்தப் பெட்டி, தச்சர், கடைக்காரர், உடை மாற்றும் அறையைப் பிடுங்கியவர்கள், எல்லாரையும் வரிசையாக மனசுக்குள் நிறுத்தித் திட்டினார். வரிசை இரண்டாவது சுற்று வந்தபோது உள்ளறையில் அலாரம் அடித்தது. கதவு திறந்தது.

"மாமா?"

ஆறேகால் கண்ணை மூடிக்கொண்டார்.

"மாமா, தூங்கறீங்களா?"

"ஆமா."

"ஒத்தக் கால் பூட்ஸோடவா?"

மாப்பிள்ளை அவரைத் தூக்க வரவில்லை. பக்கத்தில் வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "எங்க வலிக்குது? கால் விரல அசைச்சுக் காட்டுங்க."

"பூட்ஸுக்குள்ள அசைச்சா உனக்கு எப்படித் தெரியும்?"

அந்த 'ஆமா'வைக் கணக்கில் சேர்க்காவிட்டால், இரண்டு வருஷத்தில் மாமனார் மாப்பிள்ளையிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"சரி, தலை கிலை மோதுச்சா?"

"ஒண்ணும் ஆகல. போய் உன் வேலையப் பாரு."

"இதான் மாமா என் வேலை" என்றார் மாப்பிள்ளை. சொல்லும்போது குரலில் குத்தல் எதுவும் இல்லை. அதுதான் ஆறேகாலுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மாப்பிள்ளை பூட்ஸை இழுக்கவில்லை. ஒரு கையால் குதிப் பக்கத்தைத் தாங்கி, இன்னொரு கையால் கணுக்காலுக்கு மேல் தோலை மெல்ல அழுத்தி அழுத்தித் தளர்த்தினார். உள்ளே காற்றுப் போகும் சத்தம் கேட்டது. பிறகு பூட்ஸ் தானாக வந்துவிட்டது. காலுறையையும் உருவினார். பாதத்தின் இரண்டு பக்கமும் சிவந்த கோடுகள்; சுண்டுவிரல் நகம் கறுத்து, விரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தன.

"இது என்ன சைஸ் மாமா?"

"பத்து."

"எப்ப அளந்தது?"

"வேலைக்குச் சேந்தப்ப. இருபத்தேழு வருஷமா பத்துதான்."

மாப்பிள்ளை எழுந்து போய் ஒரு தாளும் பேனாவும் கொண்டுவந்தார். அவரை ஒருக்களித்துப் புரளச்சொல்லி, கையை ஊன்றவைத்து, ஒரு முழங்காலை மடக்கவைத்து, நாற்காலியில் உட்காரவைத்தார், வலிக்கவில்லை. பாதத்தைத் தாளில் வைக்கச் சொல்லிச் சுற்றிலும் கோடு போட்டார். அதன்மேல் பூட்ஸை வைத்துக் காட்டினார். கோடு மூன்று பக்கமும் வெளியே தெரிந்தது.

"பதினொண்ணு. அகலமும் கூட வேணும். இதுக்குள்ள காலத் திணிச்சா எந்தக் கரண்டிதான் மாமா தாங்கும்?"

"கால் வளருமாக்கும்? நான் என்ன பச்சைக் குழந்தையா?"

"வளராது. நின்னு நின்னு பரந்துடும். எங்க வார்டு சிஸ்டருங்களுக்கும் அப்படித்தான்."

ஆறேகால் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமும் மினுக்க மினுக்கத் தேய்த்துத் தலைமேல் வைத்துக் கொண்டாடிய பூட்ஸ், எப்போதிருந்தோ அவர் காலை நசுக்கிக்கொண்டு இருந்திருக்கிறது. சாயங்காலக் கால்வலியெல்லாம் வேலையின் வலி என்று நினைத்திருந்தார். தாளைக் கசக்கி எறிந்தார். அது அவர் காலடியிலேயே விழுந்தது, எடுக்க முடியவில்லை. மாப்பிள்ளை எடுத்துப் பிரித்து மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் ஆறேகால் ஹோட்டல் சாமான் அறையில் பதினொன்று கேட்டுப் பார்த்தார். அங்கிருந்த குமாஸ்தா பதிவேட்டைப் புரட்டி, "உங்க பேருக்கு நேரா பத்துன்னு இருக்கே" என்றார்.

"கால் பதினொண்ணு ஆயிடுச்சு."

"அப்படின்னா டாக்டர் சர்டிபிகேட் வேணும். பழைய சைஸுன்னா கையெழுத்துப் போட்டு இப்பவே வாங்கிக்கலாம். பத்துல ஒரு ஜோடி புதுசா இருக்கு, தரட்டுமா?"

டாக்டரிடம் போனால் அவர் காலோடு சேர்த்து இடுப்பையும் எழுதிவிடுவார். ஆறேகால் அப்படியே திரும்பி வந்தார்.

அந்த வாரம் செருப்புத் தட்டின் மேல் ஒரு புதுக் கரண்டி வந்து உட்கார்ந்தது. முழங்கை நீளத்துக்கு இரண்டு மடங்கு, கைப்பிடியில் ரப்பர், கரண்டி கைப்பிடியோடு சேரும் இடத்தில் ஒரு ஸ்பிரிங், அதனால் கால் அழுத்தினால் ஒடியாமல் வளைந்து கொடுக்கும். இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆனவர்களுக்குக் கொடுப்பது என்று சீட்டு ஒட்டியிருந்தது. யார் வைத்தது என்று யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. மூன்று நாள் அதைத் தொடாமல், அந்தப் பக்கமே பார்க்காமல், வளைந்த இரும்புக் கரண்டியோடு மல்லுக்கட்டினார். நாலாம் நாள் காலை, வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த மாப்பிள்ளை பொறுக்க முடியாமல் சொன்னார்:

"உக்காந்து போடாதீங்க மாமா. சுவத்துல சாஞ்சு நில்லுங்க. கரண்டிய நேரா நிக்க வைங்க. கால நீங்க தள்ளாதீங்க, உடம்பு கனத்த அது மேல விடுங்க."

வேண்டா வெறுப்பாகச் செய்தார். குதிகால் வெண்ணெயில் இறங்குவதுபோல் வழுக்கி இறங்கியது. அந்தச் சின்ன பூட்ஸுக்குள்ளேயேதான். அவருக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். ஆனால் வந்தது கோபம். இந்த ஒரு கரண்டிக்காக ஐந்து வாரம் நாய் படாத பாடு பட்டாயிற்று. அதுவும் கடைசியில் இவர் கையால் வர வேண்டுமா?

வாசல்வரை போனவர் திரும்பி மகளிடம், "பரவாயில்லன்னு சொல்லு" என்றார்.

"யார்கிட்டப்பா?"

"உனக்குத் தெரியாதாக்கும்."

கழற்றும்போது பலகை வழுக்காமல் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டார். ஒரு மாதம் எல்லாம் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒரு காலையில், தோளில் தூங்கும் குழந்தையோடு ஒரு பெண் படியிறங்கி வந்தாள். அவள் கையிலிருந்த அறைச் சாவி நழுவி, ஆறேகாலின் பூட்ஸுக்கு முன்னால் வந்து விழுந்தது. அவளால் குனிய முடியாது, குழந்தை விழித்துவிடும். அவரைப் பார்த்தாள். பெட்டி தூக்குகிறவர் உள்ளே இருந்தார். கண்ணாடி ஜன்னலுக்கு அப்பால் டூட்டி மேனேஜர் அம்மா நின்றுகொண்டிருந்தார். ஆறேகால் ஒரு கணம் சாவியைப் பார்த்தார். பிறகு முதுகை விறைப்பாக வைத்துக்கொண்டு, ஒரு காலைப் பின்னால் விட்டு, ஒற்றை முழங்காலில் இறங்கினார். சாவியை எடுத்து நீட்டினார். அந்தப் பெண், "ரொம்ப நன்றிங்க" என்று சிரித்தாள்.

எழுந்திருக்க முடியவில்லை. இடுப்பு பூட்டிக்கொண்டது, விறைத்த பூட்ஸ் முழங்காலை மேற்கொண்டு மடங்க விடவில்லை. அந்தப் பெண் சிரிப்பு மாறாமல் காத்திருந்தாள். பிறகு சிரிப்பு மாறியது. டாக்ஸி டிரைவர் ஒரு பக்கம், ஓடி வந்த பெட்டிக்காரர் ஒரு பக்கம், கட்டையைத் தூக்குவதுபோல் அவரைத் தூக்கி நிறுத்தினார்கள். தொப்பி உருண்டு படியில் கிடந்தது. அதையும் வேறு யாரோதான் எடுத்துத் தந்தார்கள்.

மேனேஜர் அம்மாவுக்கு முப்பது வயதுதான் இருக்கும். அறைக்குக் கூப்பிட்டு, "உக்காருங்க" என்றார். தாழ்வான சோபா. உட்கார்ந்தால் எழுந்திருக்க இன்னொரு முறை ஆள் கூப்பிட வேண்டும்.

"நின்னே பேசறேம்மா."

"எத்தனை நாளா இப்படி?"

ஆறேகாலுக்குப் பொய் சொல்லக்கூடத் தெம்பில்லை. பெட்டி தூக்கினதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். பூட்ஸின் அளவையும் சொன்னார். சொல்லச் சொல்லக் குரல் ஏறியது. "இருபத்தேழு வருஷத்துல ஒரு தடவையாவது யாராவது என் காலை அளந்தீங்களா?" என்று கேட்டுவிட்டார். கத்திவிட்டோமே என்று உடனே பயந்தார். மேனேஜர் அம்மா கோபப்படவில்லை. குறிப்பேட்டில் எதையோ எழுதிக்கொண்டார். மறுநாள் முதல் அவரை உள்ளே, பெட்டிகளை வாங்கிவைத்து டோக்கன் கொடுக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். நாற்காலி உண்டு. அதே சம்பளம். ஒன்பது மணிக்கு வந்தால் போதும், சாதாரண ஷூ போதும்.

இதைவிட நல்லபடியாக யாரும் நடந்துகொள்ள முடியாது என்று மனைவி சொன்னாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. வேலையை விட்டு நிறுத்தியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். நாற்காலி போட்டுக் கொடுத்தவர்களை என்ன சொல்வது? பூட்ஸைச் சாமான் அறையில் ஒப்படைத்தபோது குமாஸ்தா அதைப் பையிலிருந்து எடுத்துத் திருப்பிப் பார்த்து, பதிவேட்டில், 'பத்து, ஒரு ஜோடி' என்று எழுதினார்.

மாப்பிள்ளையின் வாரவிடுமுறையில் ஷூ வாங்கப் போனார்கள். சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து மாப்பிள்ளை கடைக்காரரிடம் கொடுக்க, ஆறேகால், "கால் இங்கயே இருக்கு, தாள் எதுக்கு?" என்று எரிந்து விழுந்தார். பதினொன்று சரியாக இருந்தது. கடைக்குள் நாலு எட்டு நடந்து பார்த்தார். விரல்கள் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியாக இருந்தன. அது அவருக்குப் பழக்கமில்லாமல், காலே தன்னுடையதில்லை போல இருந்தது.

"எப்படி இருக்கு மாமா?"

"ரொம்ப லூசா இருக்கு."

"லூசு இல்ல. சரியா இருக்கு."

"எனக்குத் தெரியாதா?"

அதையே வாங்கினார்கள்.

டோக்கன் மேஜையில் அவரிடம் பாதிப் பேர் பெட்டியைக் கொடுத்தார்கள். மீதிப் பேர் கழிவறை எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். உட்கார்ந்தே இருந்தால் இடுப்பு பிடித்துக்கொண்டது. எழுந்து நின்றால் ஏன் நிற்கிறீர்கள் என்றார்கள். ஐந்து மாதத்தில் முன்வாசல் மரக்கதவைக் கழற்றிவிட்டுக் கண்ணாடிக் கதவு போட்டார்கள். அவர் இடத்தில் நின்ற புது வாசல்காரரும் மாடி வேலைக்குப் போனார். நல்ல வேளை, அந்த நேரத்தில் நாம் அங்கே இல்லை என்று நினைத்துப் பார்த்தார். ஆறுதலாக இல்லை.

அதற்குள் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. கூடத்தில் பாயில் கிடந்து கையைக் காலை உதறும். ஆறேகால் மேலேயிருந்து, விளக்குக் கம்பம் மாதிரி நின்று பார்ப்பார். யாராவது தூக்கிக் கையில் கொடுத்தால்தான் உண்டு. அவசரத்துக்குக் கொடுப்பார்கள், அவர் ஆசையாகக் கொஞ்ச ஆரம்பிப்பதற்குள் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஒருநாள் குழந்தை அழ, வீட்டில் வேறு யாரும் இல்லாமல், அவர் நின்றுகொண்டே பாட்டாகப் பாடித் தீர்த்தார். குழந்தை நிறுத்தவில்லை.

அன்று மாப்பிள்ளை வந்ததும் அவரே போய் நின்றார். "தரைல உக்காந்து எழுந்திருக்க ஏதாவது வழி இருக்கா?"

"இருக்கு. தினம் அரை மணி நேரம் பயிற்சி செய்யணும். ஆறு மாசம் ஆகும். செய்வீங்களா?"

"ஆறு மாசத்துல அவளே எழுந்து நடந்துடுவா!"

"அப்ப பின்னால ஓட வேண்டாமா?"

இப்போது தினமும் காலை ஆறே முக்காலுக்கு, இரவு வேலை முடிந்து கண் சிவக்க வரும் மாப்பிள்ளை சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வார். ஆறேகால் பாயில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பைத் தூக்கி இறக்குவார். ஒவ்வொரு தடவையும் ஒரு முனகல், ஒரு திட்டு. எந்த முன்னேற்றமும் தெரியவில்லை என்று தினமும் சொல்வார். மூன்று வாரமாகிறது.

"எட்டு... ஒம்பது... பத்து. முடிஞ்சுது."

"ஏழுதான் மாமா ஆச்சு."

"பத்து."

"நான்தானே எண்ணிட்டு இருக்கேன்."

"நீ தூங்கிட்டு இருந்தே. நான் பாத்தேன்."

"கண்ணத்தான் மூடினேன், காத மூடல. இன்னும் மூணு."

ஆறேகால் கூரையைப் பார்த்து நீளமாக ஒரு மூச்சு விட்டார். பக்கத்துப் பாயில் கிடந்த பேத்தி தலையைத் திருப்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு இடுப்பைத் தூக்கினார்.